கடலுக்கடியிலிருந்து வரும் சேதி யாருக்கு?

(கடலூரிலும் சிதம்பரத்திலும் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் தோழர்களிடையே நிகழ்த்திய விஞ்ஞான உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே!

விஞ்ஞானத்தைப் பற்றி ஏதாவது பேச வேண்டுமென்று நெல்லிக்குப்பம் ஆலைத் தோழர்களும், புவனகிரி, காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து விவசாயத் தொழிலாளர்களும் கேட்டுக் கொண்டார்கள். எதை எடுத்துக் கொள்வது? சந்திரனைப் பற்றிப் பேசலாம். 2023 ஆகஸ்டு 23ந் தேதி நமது நாட்டு யந்திரம் சந்திரனில் இறங்கியது. அங்கிருந்து அனுப்பிய சேதி சுமார் நான்கு லட்சம் கிலோமீட்டர் கடந்து நமக்கு வந்து சேர்ந்தது. நல்ல காரியம்தான். ஆனால் நமது கடலூர்க் கரையிலிருந்து படகில் போய், ஐம்பது அடி ஆழத்தில் ஒரு சின்ன ரேடியோ யந்திரத்தை இறக்கிவிட்டு, அதிலிருந்து மேலே பறக்கும் ட்ரோனுக்கு ஒரு வார்த்தை வாங்கிப் பாருங்கள்! வராது. நான்கு லட்சம் கிலோமீட்டர் தாண்டி வருகிற சேதி, ஐம்பது அடித் தண்ணீரைத் தாண்டி வர மறுக்கிறது. இது ஏன்? இதைத் தாண்ட விஞ்ஞானிகள் என்ன வழி செய்கிறார்கள்? அந்த வழியினால் நமக்கு என்ன பிரயோஜனம்? இதுதான் இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட விஷயம்.

ரேடியோவும் செல்போனும் டெலிவிஷனும் எல்லாம் ஒரே ஜாதி அலைகளைக் கொண்டு வேலை செய்கின்றன. இவை காற்றிலும் வெட்டவெளியிலும் தாராளமாக ஓடும். ஆனால் உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்தும் பொருள். ஈரக் கையால் சுவிட்சைத் தொடக்கூடாது என்று ஆலையில் போர்டு எழுதி மாட்டியிருக்கிறார்களே, அதே சங்கதிதான். மின்சாரம் கடத்தும் பொருளுக்குள் ரேடியோ அலை நுழைந்தால் அதன் சக்தியெல்லாம் அங்கேயே கரைந்துவிடும். நமது கையிலுள்ள செல்போனின் அலை கடல் நீரில் ஒரு சாண் ஆழம் போவதற்குள் செத்துவிடும்.

அலையை மிக மிக நீளமாக்கினால் கொஞ்சம் ஆழம் போகும். இதற்கு உதாரணம் நமது தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் விஜயநாராயணம் என்ற ஊரில் கடற்படையின் ரேடியோ நிலையம் ஒன்று 1990 அக்டோபரில் துவக்கப்பட்டது. அதற்குக் கட்டபொம்மன் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். அதன் கம்பங்கள் நாட்டிலேயே மிக உயரமானவற்றில் சேர்ந்தவை. நானூறு மீட்டருக்கும் மேல். இவ்வளவு பெரிய கம்பங்களை நட்டு, பிரம்மாண்டமான சக்தியைச் செலவிட்டு, அங்கிருந்து நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் சேதி அனுப்புகிறார்கள். அந்தச் சேதியும் தண்ணீரில் சில மீட்டர் ஆழந்தான் இறங்கும். அதுவும் தந்தி மாதிரி நாலு எழுத்து. கப்பல் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் பதில் சொல்ல அதற்கும் அத்தனை பெரிய கம்பம் வேண்டும். மேலே இருப்பவன் உத்தரவு போடலாம், கீழே இருப்பவன் வாய் திறக்க முடியாது. நிலப்பிரபுவின் களத்து மேட்டை அறிந்த நமக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல! இதே போன்ற இரண்டாவது நிலையத்துக்குத் தெலிங்கானாவில் தாமகுண்டம் என்ற காட்டில் 2024 அக்டோபரில் அஸ்திவாரம் போட்டார்கள். காடு போகிறதே என்று அவ்வூர் ஜனங்கள் ஆட்சேபித்தனர்.

சரி, ரேடியோ உதவாது. வேறு என்ன இருக்கிறது? ஒலி இருக்கிறது. தண்ணீருக்குள் ஒலி நன்றாகப் பாயும். காற்றில் விநாடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, கடல் நீரில் சுமார் 1,500 மீட்டர் போகும். மைல் கணக்கில் கேட்கும். திமிங்கிலங்கள் அப்படித்தான் பேசிக் கொள்கின்றன. ஆனால் ஒலிக்கு இரண்டு குறைகள். ஒன்று, அது சுமக்கும் பாரம் கம்மி. விநாடிக்குச் சில ஆயிரம் புள்ளிகளுக்கு மேல் அனுப்புவது சிரமம். ஒரு போட்டோப் படத்தை அனுப்பவே நேரம் பிடிக்கும். இரண்டாவது குறைதான் பெரியது. கடலுக்குள் கத்துகிற ஒலி, நீர்ப்பரப்பை வந்து முட்டியதும் ஏறக்குறைய முழுவதும் திரும்பிக் கீழேயே போய்விடுகிறது. காற்றுக்குள் ஏறுவதில்லை. குளத்தில் முங்கிக் கொண்டு ஒருவன் கத்தினால் கரையில் நிற்பவனுக்குக் கேட்கிறதா? இல்லை அல்லவா?

ஆக, ரேடியோ காற்றில் ஓடும், நீரில் ஓடாது. ஒலி நீரில் ஓடும், நீரை விட்டு வெளியே வராது. இரண்டிலும் ஓடக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது வெளிச்சம்.

கடல் ஏன் நீலம்?

வெளிச்சம் என்றால் எல்லா வெளிச்சமும் அல்ல. சூரிய வெளிச்சத்தில் ஏழு நிறம் இருக்கிறது. அதில் சிவப்பைத் தண்ணீர் சீக்கிரம் குடித்துவிடும்; சில பாகம் ஆழத்திலேயே சிவப்பு மறைந்து போகும். நீலமும் பச்சையும்தான் நெடுந்தூரம் உள்ளே போகும். 1921ல் சீமையிலிருந்து கப்பலில் திரும்பி வரும்போது, மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அதற்குக் காரணம் தேடியவர் நமது திருச்சியில் பிறந்த ஸி.வி. ராமன். வானத்தின் நிறம் கடலில் பிரதிபலிப்பதுதான் நீலத்துக்குக் காரணம் என்று அதுவரை பெரிய வெள்ளைக்கார விஞ்ஞானிகள் சொல்லி வந்தார்கள். அப்படியல்ல, தண்ணீரின் அணுத்திரள்களே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று கப்பலிலேயே சோதித்துப் பார்த்தார் ராமன். 1928ல் அவர் கண்டுபிடித்த பெரிய கண்டுபிடிப்புக்கு அதுவும் ஒரு படிக்கட்டு. எவ்வளவு பெரிய மேதை சொன்னாலும் நாமே பார்த்துச் சோதிக்கலாம் என்ற அந்தத் துணிச்சல் இருக்கிறதே, அதைத்தான் நாம் ராமனிடமிருந்து எடுத்துக் கொள்ள வேண்டும்.

வெளிச்சத்தைக் கொண்டு பேசுவது புதிய யோசனையல்ல. கலங்கரை விளக்கமே ஒரு பேச்சுத்தான். இங்கே கரை இருக்கிறது என்கிறது. டெலிபோன் கண்ட கிரகாம் பெல், 1880லேயே சூரிய ஒளியில் குரலை ஏற்றி இருநூறு மீட்டர் தூரம் அனுப்பிக் காட்டினார். இப்போது செய்வதும் அதன் வாரிசுதான். நீல அல்லது பச்சை விளக்கை ஒரு விநாடிக்கு லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான தடவை அணைத்து அணைத்து ஏற்றுகிறார்கள். ஏற்றினால் ஒன்று, அணைத்தால் பூஜ்யம். இதையே கோர்த்தால் எழுத்து, படம், குரல் எல்லாம் வந்துவிடும். கண்ணுக்கு அது ஒரே வெளிச்சமாகத் தெரியும். யந்திரக் கண்ணுக்கு மட்டும் துடிப்புத் தெரியும். ஒலியைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகமாக இது சுமக்கும்.

தூரந்தான் கம்மி. தெளிந்த நடுக்கடலில் நூறு மீட்டருக்கு மேலும் போகும். நமது வெள்ளாற்று முகத்துவாரத்திலோ, கொள்ளிடத்தில் வெள்ளம் வந்து வண்டல் கலந்து கிடக்கும் பழையாறு பக்கத்துக் கடலிலோ, சில மீட்டருக்கு மேல் போவது கஷ்டம். கலங்கல் தண்ணீரில் நீலத்தைவிடப் பச்சை கொஞ்சம் நன்றாகப் போகும் என்பதும் அனுபவத்தில் கண்டது.

இனித்தான் பெரிய சிக்கல். வெளிச்சம் நீரை விட்டுக் காற்றில் ஏறும்போது வளைகிறது. வயல் தண்ணீரில் ஊன்றிய கழி ஒடிந்த மாதிரித் தெரிகிறதே, அதே காரணம். கிணற்றில் முங்கி மேலே பார்த்தவர்கள் இன்னொன்றையும் கண்டிருப்பார்கள். தலைக்கு நேரே வட்டமாக ஒரு வெளிச்ச ஜன்னல் தெரியும். அந்த வட்டத்துக்கு அப்பால் நீர்ப்பரப்பு கண்ணாடி மாதிரி ஆகி, கிணற்றின் உட்புறத்தையே திருப்பிக் காட்டும். செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் சாய்ந்து வரும் ஒளி வெளியே வராமல் திரும்பிவிடும். கிணறாவது அசையாமல் கிடக்கிறது. கடல் சும்மா கிடக்குமா? வாடைக் காற்று அடிக்கிற மார்கழியில் ஒவ்வோர் அலையும் ஒரு சாய்ந்த கண்ணாடி. கீழே இருந்து வரும் ஒளியை இந்த அலை இப்படித் தள்ளும், அடுத்த அலை அப்படித் தள்ளும். மேலே பறக்கிற ட்ரோன் மீது ஒரு கணம் படும், மறு கணம் எங்கோ போய்விடும். போதாததற்குப் பகலில் சூரியன் வேறு. மத்தியான வெயிலில் டார்ச் விளக்கைத் தேடுவது போலத்தான்!

இதற்கு என்ன செய்கிறார்கள்? ஊசி மாதிரி ஒளியை விடாமல், அகலமாக விரித்து விடுகிறார்கள். எந்த அலை எப்படித் தள்ளினாலும் அதில் ஒரு பகுதி ட்ரோனுக்குக் கிடைக்கும். சவூதி அரேபியாவிலுள்ள மன்னர் அப்துல்லா பல்கலைக்கழகத்தில் இப்படிப் பரிசோதனைகள் நடத்தியிருக்கிறார்கள். ட்ரோனில் அந்த ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடும் கண்ணாடியை வைத்து, வெயிலை வெளியே தள்ளுகிறார்கள். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2018ல் வேறொரு தந்திரம் செய்து காட்டினார்கள். ஒலி வெளியே வராவிட்டாலும், அது முட்டும் இடத்தில் நீர்ப்பரப்பு மயிரிழையிலும் சிறிதாக அதிர்கிறது அல்லவா? அந்த அதிர்ச்சியை மேலிருந்து ராடாரினால் படித்துவிட்டார்கள்! நீச்சல் குளத்தில், 16 சென்டிமீட்டர் அலை வரைக்கும் இது நடந்தது. நமது சாமியார்பேட்டைக் கடலில் 16 சென்டிமீட்டர் அலை என்றால் அன்றைக்குக் கடல் தூங்குகிறது என்று அர்த்தம். ஆகவே காரியம் இன்னும் முடியவில்லை. ட்ரோனின் பாட்டரியும் சின்னதானால் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது.

இரண்டு மணி நேரம்

இதெல்லாம் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று யாரும் எண்ண வேண்டாம். கடலுக்கடியில் இருக்கிற சேதி கரைக்கு வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஜில்லாவே சாட்சி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. காலை 6 மணி 28 நிமிஷத்துக்கு சுமத்ரா அருகே கடலடியில் பூமி பிளந்தது. தேவனாம்பட்டினத்திலும், சிங்காரத்தோப்பிலும், சாமியார்பேட்டையிலும், பரங்கிப்பேட்டைப் பக்கத்திலும் பேரலை ஏறியபோது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடலூர் ஜில்லாவில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் மாண்டனர். இரண்டு மணி நேரம், தோழர்களே! கிழவியைத் தோளில் தூக்கிக் கொண்டு நடந்து போனாலும் தப்பியிருக்கக் கூடிய நேரம். அப்போது இந்து மகாசமுத்திரத்தில் கடலடிக் கருவி ஒன்றும் நம்மிடம் இல்லை. அன்றைக்கு வானிலை இலாகா அனுப்பிய பேக்ஸ் சேதி பதவியில் இல்லாத ஒரு பழைய மந்திரியின் வீட்டுக்குப் போயிற்று என்று பத்திரிகைகள் எழுதின.

அதே நாளில், கடலூருக்கு வடக்கே புதுவை எல்லையிலுள்ள நல்லவாடு கிராமத்தில் என்ன நடந்தது? சிங்கப்பூரில் இருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் டெலிவிஷனில் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். அங்கே சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்படுத்திய தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. அதில் சத்தம் போட்டு ஊரையே கிளப்பிவிட்டார்கள். ஊர் பிழைத்தது. பிழைப்புக்காகக் கடல் தாண்டிப் போன ஒருவரின் ஒரு டெலிபோன் அழைப்பு, அன்று மந்திரி இலாகாக்களைவிட விரைவாக வேலை செய்தது!

இன்று நிலைமை மாறியிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஹைதராபாத்தில் 2007 அக்டோபர் 15ந் தேதி முதல் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. வங்காள விரிகுடாவின் அடியில், ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்தில், தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் கருவிகளை வைத்திருக்கிறார்கள். மேலே தண்ணீர் மட்டம் விரற்கடை அளவு உயர்ந்தாலும் அது கண்டுபிடிக்கும். கண்டுபிடித்ததும் ஒலியினால் மேலே மிதக்கும் மிதவைக்குச் சொல்லும். ஒலி இரண்டு மூன்று விநாடியில் ஏறிவிடும். மிதவை ரேடியோவினால் செயற்கைக்கோளுக்குச் சொல்லும்; அங்கிருந்து ஹைதராபாத். பாருங்கள், நீருக்குள் ஒலி, காற்றில் ரேடியோ, நடுவில் கைமாற்றிக் கொடுக்க ஒரு மிதவை. ஆலையில் ஒரு மிஷினிலிருந்து இன்னொரு மிஷினுக்குச் சரக்கைக் கை மாற்றிவிடும் தொழிலாளியின் வேலையைத்தான் அந்த மிதவை செய்கிறது.

அந்த மிதவைதான் சங்கிலியின் பலவீனமான கண்ணி. புயலில் அறுந்து போகிறது. மிதக்கும் எதன் அடியிலும் மீன் கூடும். ஆகவே படகுகள் அருகே போகின்றன, வலை சிக்குகிறது, கயிறு கட்டுகிறார்கள், கருவி கெடுகிறது. மீனவர்கள் நாசவேலை செய்கிறார்கள் என்று அதிகாரிகள் எழுதி வைக்கிறார்கள். மிதவை எதற்கு இருக்கிறது என்று அந்த மீனவனுக்கு யார் போய்ச் சொன்னார்கள்? அதைக் காவல் காக்கும் வேலையை மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கூலி கொடுத்து ஒப்படைத்தால் என்ன? ஒளி வழி வந்தால் மூவாயிரம் மீட்டர் ஆழத்துக்கு அது போகாது. அங்கே ஒலிதான் கதி. ஆனால் கரையோரக் கடலில், நீர்ப்பரப்பில் ஒன்றையும் மிதக்க விடாமல், அடியிலுள்ள கருவியிடமிருந்து ட்ரோன் பறந்து போய்ச் சேதியை வாங்கி வரலாம். புயல் ஓய்ந்த மறுநாள் படகு இறங்க முடியாத கடலிலும் வாங்கி வரலாம். அந்த மட்டில் இது நமக்கு வேண்டிய விஞ்ஞானந்தான்.

ஆனால் பணம் எங்கே பாய்கிறது? உலகம் முழுதும் இந்த ஆராய்ச்சிக்கு வலிந்து வந்து செலவழிப்பவர்கள் யார் என்றால் கடற்படைகளும் எண்ணெய்க் கம்பெனிகளும். நீர்மூழ்கி மேலே வராமல் பேச வேண்டும், கடலடிக் குழாயை ஆளில்லாமல் பார்க்க வேண்டும். இவைதான் அவர்களுக்கு அவசரம். தேசத்தின் பாதுகாப்பு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. நீர்மூழ்கிக்குச் சேதி சொல்ல நானூறு மீட்டர்க் கம்பத்தை 1990லேயே நட முடிந்த நாட்டில், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது நடுக்கடலிலிருந்த கன்னியாகுமரி மீனவனுக்குச் சேதி சொல்ல ஒரு வழி இல்லாமல் போனது ஏன் என்று கேட்கிறோம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் அதற்கு விலை கொடுத்தன. அதன் பிறகு 2019ல் ஜெமினி என்ற கருவி வந்தது. செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை வரும். ஆனால் மீனவன் பதில் சொல்ல முடியாது. மறுபடியும் அதே கட்டபொம்மன் கம்பக் கதை! இருவழியும் பேசும் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை, 364 கோடி ரூபாய்ச் செலவில், 2024 ஆகஸ்டு 30ந் தேதிதான் துவக்கினார்கள். கடலூர்த் துறைமுகத்திலும் முடசலோடையிலும் எத்தனை படகில் ஏறியிருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டியது நமது மீனவர் சங்கத்தின் வேலை.

கடல் மீனவருக்கு, நமக்கென்ன என்று சில விவசாயத் தோழர்கள் எண்ணலாம். 2024 டிசம்பர் 2ந் தேதி அதிகாலையை மறந்துவிட்டீர்களா? பெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணை நிரம்பி, 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. கடலூர் வரைக்கும் கரையோர வீடுகளில் வெள்ளம் புகுந்தது. எச்சரிக்கை கொடுத்தோம் என்றது சர்க்கார். போதிய அவகாசம் கொடுக்கவில்லை என்றனர் எதிர்க்கட்சியினர். அணையிலிருந்து வரும் சேதி எந்தக் கடலையும் தாண்ட வேண்டியதில்லை, எந்த அலையும் அதை வளைப்பதில்லை. தாலுகா ஆபீசிலிருந்து ஆற்றோரச் சேரிக்கு வர வேண்டும், அவ்வளவுதான். அந்த இரண்டு மைல் தூரத்தைத் தாண்ட எந்தப் பல்கலைக்கழகமும் ஆராய்ச்சி செய்ய வேண்டாம். ஒலிபெருக்கி, அதற்குக் கரண்டு போனாலும் ஓடும் பாட்டரி, இரவில் கண் விழித்திருக்கச் சம்பளத்தோடு ஓர் ஆள். இவை ஒவ்வொரு குடியிருப்புக்கும் வேண்டுமென்று நமது சங்கங்கள் மனுக் கொடுக்க வேண்டும்; கொடுத்துவிட்டுச் சும்மா இராமல் மாதமொரு முறை அந்த ஒலிபெருக்கியை ஊதிப் பார்க்க வேண்டும்.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையில் மத்திய சர்க்காரின் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. வெளிநாட்டில் தெளிந்த குளத்துத் தண்ணீரில் செய்த பரிசோதனையை, நமது வெள்ளாற்றுக் கலங்கலில், பிச்சாவரத்துச் சதுப்பில் செய்து பார்ப்பதற்கு இதைவிட வசதியான இடம் எது? நமது பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அவர்கள் இந்தக் கேள்வியை வகுப்பறையில் எழுப்பட்டும். பிச்சாவரம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது: சுனாமியின்போது அலையாத்திக் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று 2005ல் சயன்ஸ் என்ற உலகப் பிரசித்த சஞ்சிகையில் விஞ்ஞானிகள் எழுதினார்கள். ஆராய்ந்த இடம் நமது கடலூர் ஜில்லாவே. பாட்டரி வேண்டாத அந்த யந்திரத்தை வெட்டாமல் காப்பதும் விஞ்ஞானந்தான்.

சிதம்பரத்தில் பேசி முடித்ததும் நடவு வேலை செய்யும் ஒரு தோழியர் எழுந்து கேட்டார்: "ட்ரோன் கடல்ல சேதி வாங்குறது இருக்கட்டும். எங்க ஊர் வயல்ல அது மருந்தடிக்குது. அந்தக் கூலி எங்களுக்குப் போச்சே, அதுக்கு என்ன சொல்றீங்க?"

நியாயமான கேள்வி. ட்ரோனை ஓட்ட 15,000 மகளிர் குழுக்களுக்குக் கொடுப்போம் என்று 2023ல் மத்திய சர்க்கார் திட்டம் போட்டது. முதுகில் விஷ டப்பாவைச் சுமந்து, மூக்கில் துணியைக் கட்டிக் கொண்டு தெளிக்கும் வேலை ஒழிவது நல்லதே. அந்த வேலை நீடிக்க வேண்டுமென்று நாம் கேட்கப் போவதில்லை. ஆனால் பத்துப் பேர் கூலி ஒரு ட்ரோனுக்குப் போனால், அந்தப் பத்துப் பேருக்கு வேலை உறுதித் திட்டத்தில் கூடுதல் நாள் வேண்டும், ட்ரோன் வாடகை நிலம் வைத்திருப்பவன் கையில் போகாமல் விவசாயத் தொழிலாளர் கூட்டுறவின் கையில் வர வேண்டும். இதைத் தோழியரிடம் சொன்னோம். "அப்ப அந்த ட்ரோன ஓட்ட எங்க பொண்ணுங்களுக்குக் கத்துக்கொடுங்க" என்றார். அவர் ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் படித்த பெண்கள் எத்தனை பேர் என்று பட்டியல் எடுத்துத் தரும்படி கிளைச் செயலாளரிடம் சொல்லியிருக்கிறோம். மற்றக் கிளைகளும் தங்கள் பட்டியலை வட்டக் குழுவுக்கு அனுப்பலாம்.